வேலி அடைச்சது ஆர்?

துஷானியிடம் பாடல்கள் இருந்தன. அவற்றைப் பாட ஒரு குரல் இல்லை. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் அவள் சில ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது அமெரிக்க அடிமைகளின் பாடல்களை. பருத்திக் காட்டிலும் படகுத் துறையிலும் சோளக் களத்திலும் பெயரில்லாதவர்கள் பாடிவிட்டுப் போனவை அவை. பின்னாளில் அந்த நாடு வடக்கென்றும் தெற்கென்றும் பிளந்து தன்னைத் தானே சுட்டுக்கொண்டபோது இரு தரப்பாரும் நாவல்களையும் நாட்குறிப்புகளையும் எழுதிக் குவித்தார்கள். அவற்றைப் பாடல்களின் பக்கத்தில் வைத்துப் படிப்பது அவள் வேலை. பாடியவர்களைப் பற்றிப் பலர் எழுதியாயிற்று. அவள் கேட்டவர்களைப் பற்றி எழுதினாள். பாட்டின் பொருளில் பாதியைக் கேட்கிறவர் எங்கே இருந்துகொண்டு கேட்கிறார் என்பதே தீர்மானிக்கிறது என்பது அவளுடைய வாதம். பேராசிரியர் அதை மெச்சியிருந்தார்.

நான்கு பாடல்களை அவள் தமிழாக்கினாள். ஏட்டுத் தமிழில் எழுதிப் பார்த்தபோது அவை கல்வெட்டுப்போல் விறைத்து நின்றன. வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றியதும் மூச்சு வந்தது. அவளுடைய தாய் கமலநாயகி வசிக்கும் எசன் நகரில் ஒரு தமிழர் அமைப்பு இருந்தது. அதன் ஆண்டு விழாவில் இந்தப் பாடல்களை ஓர் உரையோடு அரங்கேற்ற இடம் தருவதாகத் தலைவர் ஜேசுரட்ணம் சொன்னார். பாடுவதற்கு ஆளையும் அவரே காட்டினார்.

"எங்கட சேர்ச்சில ஒரு பிள்ளை பாடுது. பல் டொக்டரிட்ட வேலை செய்யுது. வாயைத் திறந்தால் பல்லுக்கொதி வந்தவனும் தலையாட்டுவான். ஒருக்காக் கேட்டுப் பாரும்."

அந்தப் பிள்ளைதான் கிறிஸ்ரினா. துஷானியைவிட நாலைந்து வயது இளையவள். எசனிலேயே பிறந்து வளர்ந்தவள். பல் மருத்துவரின் உதவியாளராக அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்து, இப்போது அதே இடத்தில் பணி. பீலெஃபெல்டுக்கு வந்து போவது அவளுக்கு வசதிப்படாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் கமலநாயகியின் வீட்டில் ஒத்திகை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

முதல் ஞாயிறு கமலநாயகி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கிறிஸ்ரினா பாடத் தொடங்கியதும் கையில் ஒரு காம்போடு வரவேற்பறை வாசலில் வந்து நின்றார். பாட்டு முடிந்தபோது அவர் கண் நனைந்திருந்தது.

"என்ன பிள்ளை, நெஞ்சைப் பிசையிறாய்!" என்றார். "இரு, தேத்தண்ணி கொண்டு வாறன்."

விருந்தினர் வந்தால் மட்டும் கண்ணாடி அலுமாரியிலிருந்து இறங்கும் நீலப்பூப் போட்ட பீங்கான் கப்புகள் அன்று இறங்கின. கமலநாயகி எதிரில் உட்கார்ந்து விசாரித்தார்.

"ஊரில எவ்விடம் பிள்ளை?"

கிறிஸ்ரினா பெற்றோரின் ஊரைச் சொன்னாள்.

"அதில எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்தடியோ?"

"சேர்ச்சுக்குப் பின்பக்கமாம் அன்ரி. நான் ஒருநாளும் போனேல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்."

"ஓ... அம்மான்ர பேர்?"

யாழ்ப்பாணத் தமிழரிடையே இக்கேள்விகள் வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுபவை அல்ல. சாதியை வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. ஆகவே ஊரைக் கேட்பார்கள், ஊரில் பக்கத்தைக் கேட்பார்கள், பிறகு ஓர் உறவினருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். துஷானிக்கு இது தெரியும். கேட்டுக்கொண்டிருந்தபோதே தெரிந்தது. தாய் எழுந்து போனதும் அவள் இரண்டாம் பாட்டின் தாளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

நடு வாரத்தில் கமலநாயகியின் அழைப்பு வந்தது.

"அந்தப் பிள்ளையை விசாரிச்சனான். அவை எங்கட ஆக்கள் இல்லை."

"அம்மா! ஜெர்மனியில இருந்துகொண்டு என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?"

"நான் இப்ப என்ன சொல்லிப்போட்டன்? வர வேண்டாமெண்டனானோ? வரட்டும், பாடட்டும். குரல் எண்டால் குரல்தான். ஒரு கதைக்குச் சொன்னனான், உடன பாயிறாய்."

"இனி உப்பிடிக் கதைக்காதையுங்கோ."

"கதைக்கேல்லை, போ."

துஷானி கைபேசியை வைத்துவிட்டு, தான் உறுதியாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அன்று மாலை உரையின் நான்காம் பக்கத்தை எழுதி முடித்தாள். முழு உரையிலும் அதுதான் சிறந்த பக்கம் என்று அவளுக்கே பட்டது. பாடல்கள் எங்கே வரவேண்டும் என்று தெரிவதற்காக உரையின் ஒரு பிரதியைக் கிறிஸ்ரினாவுக்கும் அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஜேசுரட்ணமும் ஒத்திகை பார்க்க வந்திருந்தார். நான்காவது பாடல்தான் அவர்களுக்குச் சிக்கலாக இருந்தது. முன்பாட்டுக்காரர் கேள்வி கேட்க, கூட்டம் பதில் சொல்லும் வேலைப் பாட்டு அது. "வேலி அடைச்சது ஆர்?" என்று ஒருவர் கேட்பார், "நாங்கள், நாங்கள்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். "கிடங்கு வெட்டினது ஆர்?" "நாங்கள், நாங்கள்." இப்படியே போய்க் கடைசியில், "வேலிக்கு உள்ள இருக்கிறது ஆர்?" என்று கேட்கும்போது கூட்டத்துக்குச் சொல் கிடையாது, வாயை மூடிக்கொண்டு ஒரு முனகல் மட்டும். கிறிஸ்ரினா அந்தக் கடைசிக் கேள்வியை மிக அழகாகப் பாடினாள். அதுதான் குறை. அழகு அந்த இடத்தில் பொய்யாக ஒலித்தது. மூன்று முறை பாடியும் சரிவரவில்லை.

"களைச்சுப் போனா பிள்ளை," என்றார் ஜேசுரட்ணம். "அக்கா, தேத்தண்ணி வருமோ, இல்லாட்டி நாங்களும் வேலியடைச்சாத்தான் தருவியளோ?"

"வருது அண்ணை, வருது," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "துஷானி, இஞ்ச வந்து தட்டைத் தூக்கு."

தட்டில் மூன்று நீலப்பூக் கப்புகள் இருந்தன. நான்காவது கடதாசிக் கப். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளில் மிஞ்சியது. சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்கள் அச்சிட்டது. கண்ணாடி அலுமாரியில் நீலப்பூக் கப்புகள் இன்னும் இருந்தன என்பதைத் துஷானி அறிவாள். தாயைப் பார்த்தாள். தாய் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"ஆறப்போகுது, கொண்டு போ."

அந்தக் கடதாசிக் கப்பைத் தனக்கென்று எடுத்திருக்கலாம். அதற்கு ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. அலுமாரியைத் திறந்து இன்னொரு கப்பை எடுத்திருக்கலாம். ஆனால் தாய் குரலை உயர்த்தினால் வரவேற்பறைக்குக் கேட்கும். கேட்டால் கிறிஸ்ரினா எழுந்து போய்விடுவாள். விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. இந்தக் கணக்கெல்லாம் கதவைக் கடப்பதற்குள் துஷானியின் மனத்தில் ஓடி முடிந்தது. வரவேற்பறையில் அவள் தட்டை நீட்டும்போது, கை தானாக அதைச் சற்றுத் திருப்பியது. கடதாசிக் கப் கிறிஸ்ரினாவுக்கு நேரே வந்து நின்றது. யார் எதை எடுப்பது என்ற தடுமாற்றத்துக்கு இடமே இருக்கவில்லை.

கிறிஸ்ரினா தட்டைப் பார்த்தாள். பிறகு கப்பை எடுத்தாள்.

"தாங்க்ஸ் அக்கா."

சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும். விளிம்பை இரு விரல்களால் பிடித்து, மாற்றி மாற்றி, மெல்லக் குடித்து முடித்தாள். ஜேசுரட்ணம் தம் கப்புக்குள் எதையோ தேடுகிறவரைப்போலக் குனிந்திருந்தார்.

"அன்ரி, இதை எங்க போடுறது?" என்று கிறிஸ்ரினா சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள். "கடதாசிக்கோ, மஞ்சள் பைக்கோ, மிச்சக் குப்பைக்கோ?"

குப்பையைத் தரம் பிரித்துப் போடும் ஜெர்மனியில் வாழ்கிற எவரும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிற கேள்விதான் அது. ஆனாலும் கமலநாயகி வெளியே தலைகாட்டாமலே பதில் சொன்னார்.

"அதில வை பிள்ளை. நான் போடுறன்."

பிறகு கிறிஸ்ரினா நான்காம் பாட்டை மறுபடி பாடினாள். "வேலிக்கு உள்ள இருக்கிறது ஆர்?" என்ற இடம் வந்தபோது அவள் குரலிலிருந்து இனிப்பு முழுவதும் உதிர்ந்துவிட்டிருந்தது. தட்டையாக, வறண்டு, ஏறக்குறையப் பேச்சுப்போல் அந்தக் கேள்வி வந்தது. துஷானிக்கு மேனி சிலிர்த்தது. நான்கு ஆண்டுகளாகத் தாளில் வாசித்து, காதால் கற்பனை செய்துகொண்டிருந்த குரல் இதுவேதான்.

"அதுதான்! அதுதான் கிறிஸ்ரினா! சனிக்கிழமையும் நீர் உப்பிடியே பாட வேணும்!"

கிறிஸ்ரினா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "பாடலாம் அக்கா," என்றாள்.

பீலெஃபெல்டுக்குத் திரும்பும் ரயிலில் துஷானி அந்தக் குரல் மாறிய நுட்பத்தை வியந்துகொண்டே போனாள். மாற்றத்துக்கு என்ன காரணம் என்று ஓர் ஆய்வாளருக்குரிய ஆர்வத்துடன் தன்னைக் கேட்டபோதுதான், காரணம் தன் கையில் தட்டாக இருந்தது நினைவில் இடித்தது. அவளுக்குக் காது சுட்டது. எதிர் இருக்கையில் இருந்த ஜெர்மன் மூதாட்டி தன்னைக் கவனிப்பதாகத் தோன்றவே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கிறிஸ்ரினாவை அழைத்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கைபேசியை எடுத்தாள். "இன்று மிக நன்றாகப் பாடினீர்" என்று எழுதி அனுப்பினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பட்டுச் சேலையோடு கமலநாயகி. பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் தம் கைப்பையை வைத்திருந்தார். மேடை ஏறுமுன் திரைக்குப் பின்னால் கிறிஸ்ரினா துஷானியின் அருகில் வந்தாள்.

"அக்கா, நாலாம் பக்கம் நல்லா எழுதியிருக்கிறியள். ட்ராமில வரேக்க ரெண்டு தரம் வாசிச்சன்."

துஷானி கையிலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "அப்படியோ?" என்றாள். அதற்குள் ஜேசுரட்ணம் ஒலிவாங்கியில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

உரை நன்றாகவே போயிற்று. முதல் பக்கத்தில் பருத்திக் காடு. இரண்டாம் பக்கத்தில் படகுத் துறை. மூன்றாம் பக்கத்தில் பிளந்த நாடும் ஒரே வீட்டிலிருந்து எதிரெதிர்ப் படைகளுக்குப் போன சகோதரர்களும். இடையிடையே கிறிஸ்ரினா மூன்று பாடல்களைப் பாடினாள். போரைக் கண்டு வந்த சனம்; சகோதரர்களைப் பற்றிச் சொன்னபோது யாரும் இருமக்கூட இல்லை. இனி நான்காம் பக்கம், அதன் பிறகு கடைசிப் பாட்டு. கூட்டம் "நாங்கள், நாங்கள்" என்று பதில் சொல்ல வேண்டும் என்பதை ஜேசுரட்ணம் முன்கூட்டியே சொல்லிப் பழக்கி வைத்திருந்தார்.

துஷானி நான்காம் பக்கத்தைப் பார்த்தாள். வரிகளுக்கு மேலே, முன்வரிசையில், தாயின் முகம் பெருமையால் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள். "இறுதிப் பாடலைக் கிறிஸ்ரினா பாடுவார். சேர்ந்து பாடும்படி உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்," என்றாள்.

கிறிஸ்ரினா ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றாள்.

"துஷானி அக்கா அவசரத்தில ஒரு பக்கத்தை விட்டிட்டா," என்றாள் சபையைப் பார்த்து, மிகவும் பணிவாக. "அதைக் கேட்டால்தான் இந்தப் பாட்டு விளங்கும். அக்கா, வாசியுங்கோ. நான் நிக்கிறன்."

சபை சிரித்தது. "வாசியும், வாசியும்! நேரம் இருக்கு!" என்றார் ஜேசுரட்ணம்.

தப்ப வழி இல்லை. துஷானி வாசித்தாள்.

"போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வடபுலத்திலிருந்து தெற்கே போன ஒரு பெண், அடிமை முறையை மனமார வெறுத்தவள், ஒரு மாலை அடிமைப் பெண் ஒருத்தியைப் பாடச் சொல்லிக் கேட்கிறாள். மழை பெய்கிறது. பாடுகிறவள் படிக்குக் கீழே நிற்கிறாள். கேட்கிறவள் கூரைக்குக் கீழே இருக்கிறாள். தனக்குக் கண்ணீர் வந்ததாக எழுதுகிறாள். குரலின் இனிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாள். மழையைப் பற்றி ஒரு வரி. உள்ளே வா என்று அழைத்ததாக எங்கும் எழுதவில்லை. அந்த நாடு இரண்டாகப் பிளந்தது என்கிறோம். பாடுகிறவளைப் படிக்குக் கீழே நிறுத்தியதில் அது பிளவுபடவே இல்லை."

பலத்த கைதட்டல் எழுந்தது. "பார், வெள்ளைக்காரர் செய்த அநியாயத்தை!" என்று இரண்டாம் வரிசையில் ஒருவர் உரக்கச் சொன்னார். கமலநாயகியும் தட்டினார். கைதட்டல் கதகதப்பான போர்வைபோல் துஷானியின்மேல் விழுந்தது. அதற்குள் புகுந்துகொண்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கிறிஸ்ரினா பாடத் தொடங்கவில்லை. துஷானியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒன்றுக்காக அவள் காத்திருப்பதாகத் துஷானிக்குப் பட்டது. அது எதுவென்று தனக்குத் தெரியும் என்றும் பட்டது. இத்தனை நாள் சொல்லாததை இப்போதே, எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டால் தான் சுத்தமாகிவிடலாம் என்ற வெறி போன்றதொரு நினைவு அவளைப் பிடித்து உந்தியது.

"அது அமெரிக்காவில மட்டும் நடந்ததில்லை," என்றாள். எழுதிவைத்த தமிழ் கைவிட்டுப் போயிருந்தது. "போன ஞாயிறு எங்கட வீட்டில எல்லாருக்கும் பீங்கான் கப்பில தேத்தண்ணி. கிறிஸ்ரினாவுக்கு மட்டும் கடதாசிக் கப். தெரிஞ்சுகொண்டுதான் நான் அதைக் குடுத்தனான்."

ஏன் கடதாசிக் கப் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் விளங்காமல் தாய்மாரைப் பார்த்தார்கள். தாய்மார் துஷானியைப் பார்க்கவில்லை, கமலநாயகியையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும், இதுவரை அறியாத ஒன்றை அறிந்துகொண்ட கண்களாக, கிறிஸ்ரினாவின்மேல் போய் நின்றன. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று இனி யாரும் அவளைக் கேட்க வேண்டியதில்லை.

அப்போதுதான் துஷானிக்குத் தான் செய்தது விளங்கியது.

கிறிஸ்ரினா ஒலிவாங்கியைக் கையால் மூடினாள். அவள் குரல் துஷானிக்கு மட்டும் கேட்டது.

"நான் வாசிக்கத்தானே அக்கா சொன்னனான். நீங்கள் எழுதினதை நீங்களே கேக்கவேணும் எண்டு."

"கிறிஸ்ரினா, நான்..."

"என்ர அம்மா பின்னுக்கு இருக்கிறா. உந்தப் பார்வைக்குப் பயந்து அவ இந்த ஊரில ஒரு விழாவுக்கும் வாறேல்லை. நான் பாடுறன் எண்டு இண்டைக்குத்தான் வந்தவ." அவள் மூச்சு விட்டாள். "உங்கட மனசு ஆறுறதுக்கு நான்தானோ உங்களுக்குக் கிடைச்சன்?"

கடைசி வரிசையில், கதவுக்கு அருகே, பச்சைச் சேலை உடுத்த ஒரு பெண் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்ததைத் துஷானி கண்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றாள்.

"இப்ப என்னால பாட ஏலாது. பாடினால், பாவம் இந்தப் பிள்ளை எண்டு இரங்கித்தான் கேட்டுக்கொண்டிருப்பினம்." கிறிஸ்ரினா ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தாள். "கடைசிப் பாட்டைத் துஷானி அக்கா பாடுவா," என்று சபைக்கு அறிவித்துவிட்டுப் படியிறங்கினாள்.

கதவை நோக்கிப் போய்விடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் நேரே முன்வரிசைக்குப் போனாள். கமலநாயகியின் கைப்பை இருந்த நாற்காலியின் முன்னால் நின்றாள். கமலநாயகி அண்ணாந்து பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, மண்டபம் முழுவதும் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிறிஸ்ரினா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பின் தலையைத் திருப்பி, கடைசி வரிசையைப் பார்த்துக் கையசைத்தாள். பச்சைச் சேலைக்காரி எழவில்லை; ஆனால் போகவும் இல்லை.

துஷானி மேடையில் தனித்து நின்றாள். ஜேசுரட்ணத்துக்கு எந்தப் பகிடியும் அகப்படவில்லை. அழுதுகொண்டு இறங்கிப் போகலாம். இறங்கினால் எல்லாரும் ஆறுதல் சொல்லச் சூழ்வார்கள். பேச்சு அவளைப் பற்றியதாகிவிடும். அதையும் கிறிஸ்ரினா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேலி அடைச்சது ஆர்?" என்று துஷானி தொடங்கினாள். சுருதி எங்கேயோ போயிற்று. குரல் நடுவில் உடைந்தது.

சபை பதில் சொல்லவில்லை. மூன்று பாட்டுக்கும் கைதட்டித் தாளம் போட்ட சனம், "நாங்கள்" என்ற ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தது. அதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பாட்டின் அமைப்பு அப்படி. அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் கிறிஸ்ரினா சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சொல்லையும் தவறவிடாதவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துஷானி மறுபடி கேட்டாள். இம்முறையும் பதில் இல்லை. மூன்றாம் முறை, கேள்வியைத் தானே கேட்டு, "நாங்கள், நாங்கள்" என்ற பதிலையும் தானே, தனிக் குரலில், பாடினாள்.